எண்ணெயைத் தடுப்பது எண்ணெயே

மாசி மாதம் மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் பெரும்போக வெள்ளாமை வெட்டு உச்சத்தில் இருக்கும். கொக்கட்டிச்சோலை, வெல்லாவெளி, கரடியனாறு என்று எந்தப் பக்கம் திரும்பினாலும், நெல்லை ஏற்றிய மெசின் பெட்டிகள் வயல்வட்டைக்குள்ளிருந்து தார் றோட்டுக்கு ஏறிக்கொண்டிருக்கும். உழவு இயந்திரத்தின் பின்னால் கொழுவும் இந்தப் பெட்டிகளில் பலவற்றுக்கு இப்போது டிப்பர் உண்டு. இருக்கையில் இருந்தபடியே ஒரு பிடியைத் தள்ளினால் போதும். பெட்டியின் முன்பக்கம் மெல்ல எழும்ப, நெல் பின்னால் சரிந்து கொட்டும். தூக்குவது பெட்டிக்கு அடியில் இருக்கும் ஓர் இரும்பு உருளை. கராஜ்களில் அதை ஜாக் என்பார்கள். உள்ளே எண்ணெய், அதற்குள் பளபளவென்று ஒரு தண்டு, தண்டு வெளியே வரும் கழுத்தில் சில வளையங்கள். முழு அமைப்பிலும் விலை குறைந்தவை அந்த வளையங்கள்தான். முதலில் கெட்டுப்போவதும் அவைதான்.

கெட்டால் கழுத்தில் எண்ணெய் கசியும். கசிந்த இடத்தில் புழுதியும் உமியும் ஒட்டிக் கறுப்பாகத் தடிக்கும். வெட்டு நேரத்தில் மெசினை நிறுத்த யாருக்கும் மனம் வராது. "வெட்டு முடியட்டும், மறுகா பாப்பம்" என்று கொஞ்சம் ஒயிலை ஊற்றிவிட்டு அடுத்த லோடுக்குப் போவதுதான் வழக்கம். அதில் ஒரு நியாயம் இருக்கிறது. மழை வந்தால் நெல் போய்விடும். ஒயில் போனால் கடையில் வாங்கலாம்.

எவ்வளவுதான் போகிறது? எண்ணெய்ச் சொட்டுகள் ஏறத்தாழ இருபது சேர்ந்தால் ஒரு மில்லிலீற்றர். செக்கனுக்கு ஒரு சொட்டு விடாமல் விழுந்தால் ஒரு நாளில் 86,400 சொட்டு, அதாவது நான்கு லீற்றருக்கும் சற்று மேல். டிப்பர் ஜாக் நாள் முழுக்க அழுத்தத்தில் நிற்பதில்லை என்பதால் உண்மையான இழப்பு இதைவிட மிகக் குறைவு. அந்த இழப்பைத் தாங்கிக்கொள்ளலாம். நான் கவலைப்படுவது வெளியே போகும் எண்ணெயைப் பற்றியல்ல. எண்ணெய் வெளியே வரும் வழி மண் உள்ளே போகும் வழியும்தான். அந்தக் கணக்குக்குப் பிறகு வருகிறேன்.

முதலில், ஒரு வளையம் எப்படி எண்ணெயைத் தடுக்கிறது என்று பார்ப்போம். பெரும்பாலோர் நினைப்பது: இறுக்கமாக இருப்பதால். பூட்டுச் செய்வதில் பெயர் பெற்ற இங்கிலாந்துக்காரர் ஜோசப் பிராமாவும் தொடக்கத்தில் அப்படித்தான் நினைத்தார்.

மூடிய பாத்திரத்தில் உள்ள திரவத்தின் ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லாப் பக்கமும் குறையாமல் பரவும் என்பதை பிரெஞ்சுக்காரர் பிளேஸ் பஸ்கால் எழுதிவைத்திருந்தார். அந்த நூல் அச்சானது அவர் இறந்த மறு ஆண்டு, 1663இல். சிறிய பரப்பில் கொடுக்கும் அழுத்தம் பெரிய பரப்பில் பெரிய விசையாகும். 8 சென்ரிமீற்றர் உள்விட்டமுள்ள ஒரு ஜாக்கை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் குறுக்குப் பரப்பு சுமார் 50 சதுர சென்ரிமீற்றர். உழவு இயந்திரத்தின் பம்ப் 150 பார் அழுத்தம் கொடுத்தால், ஒவ்வொரு சதுர சென்ரிமீற்றரிலும் ஏறக்குறைய 150 கிலோ எடைக்குச் சமமான விசை. மொத்தம் ஏழரைத் தொன். கார் டயரில் இருப்பது இரண்டு பார் சொச்சம் என்பதை நினைத்துக்கொண்டால் அந்தக் கழுத்து வளையம் எதன் முன்னால் நிற்கிறது என்பது விளங்கும்.

பிராமா இந்தத் தத்துவத்தை வைத்து அமுக்கு இயந்திரம் ஒன்றைச் செய்து 1795இல் காப்புரிமை பெற்றார். காகிதத்தில் எல்லாம் சரி. ஆனால் தண்டைச் சுற்றித் தண்ணீர் பீறியது. சுற்றிலும் கயிற்றையும் தோலையும் திணித்து இறுக்கினால் ஒழுக்கு நின்றது, கூடவே தண்டும் நின்றுவிட்டது. தண்டு ஓடும்படி தளர்த்தினால் மறுபடி ஒழுகியது. இறுக்கம் கூடினால் உராய்வு கூடும். உராய்வைக் குறைத்தால் இடைவெளி வரும். இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு நல்ல அளவு இருக்கும் என்று தேடினால் கிடைக்காது, ஏனென்றால் அப்படி ஓர் அளவே இல்லை.

விடை அவருடைய பட்டறையில் வேலைசெய்த இளைஞர் ஹென்றி மோட்ஸ்லியிடமிருந்து வந்தது என்பார்கள். பிற்காலத்தில் கடைசல் இயந்திரத்தைச் செம்மைப்படுத்திய அதே மோட்ஸ்லி. தோலை ஒரு கிண்ணம்போல் வளைத்து, அதன் வாய் அழுத்தமுள்ள பக்கம் பார்க்கும்படி வைத்தார்கள். அழுத்தம் ஏறும்போது தண்ணீர் கிண்ணத்துக்குள் புகுந்து அதன் விளிம்பை அகட்டித் தண்டோடும் சுவரோடும் அமுக்கியது. அழுத்தம் இறங்கியதும் பிடி தளர்ந்து தண்டு இலகுவாகத் திரும்பியது. எவ்வளவு தள்ளுகிறதோ அவ்வளவு இறுக்கம், தேவைப்படும் நேரத்தில் மட்டும். தடுக்கும் விசையைத் தருவது, வெளியே போக முயலும் அந்தத் திரவமேதான்.

இன்று ஜாக்கின் கழுத்தில் இருக்கும் வளையமும், அதாவது சீலும், இதே கிண்ணம்தான். தோல் போய் இறப்பரும் பொலியூரித்தேனும் வந்திருக்கின்றன. குறுக்கே வெட்டிப் பார்த்தால் இரண்டு உதடுகள் தெரியும். உதடுகள் எண்ணெய்ப் பக்கம் பார்க்க வேண்டும். கண் தவறித் திருப்பி மாட்டினால் புத்தம்புதுச் சீலும் முதல் தூக்கிலேயே ஒழுகும்; கழுத்து நட்டை எத்தனை பேர் தொங்கி இறுக்கினாலும் நிற்காது. கசிவு என்றதும் பெரிய ஸ்பனரைத் தேடும் பழக்கத்தின் மீது எனக்கு உள்ள எரிச்சலுக்குக் காரணம் இதுதான். நட்டு சீலை இறுக்குவதில்லை, அதன் இடத்தில் இருத்துகிறது. அவ்வளவே.

குறுக்குவெட்டு வட்டமாக உள்ள ஓ-ரிங்கும் இந்தக் குடும்பம்தான். டென்மார்க்கில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய நீல்ஸ் கிறிஸ்டென்சன் அதற்கு 1937இல் விண்ணப்பித்து 1939இல் காப்புரிமை பெற்றார். ஒரு பள்ளத்தில் இருக்கும் அந்த வளையத்தை அழுத்தம் ஒரு மூலைக்குத் தள்ளி நசுக்கும்; நசுங்குவதால் அடைக்கும். நசுங்கியதும் பழைய உருவுக்குத் திரும்பும் குணம் அதற்கு வேண்டும். 1986 ஜனவரி 28 அன்று சலெஞ்சர் விண்கலம் ஏவப்பட்ட காலை புளோரிடாவில் உறைநிலைக்குச் சற்று மேலான குளிர். பக்க ராக்கெட்டின் மூட்டிலிருந்த ஓ-ரிங் விறைத்து, இடைவெளியை நேரத்துக்கு நிரப்பவில்லை. ஏழு பேர் மாண்டார்கள். மட்டக்களப்பில் அந்தக் குளிர் எந்த நாளும் வரப்போவதில்லை. இங்கே பகை வேறு.

உதடு தண்டை அழுத்திப் பிடித்திருந்தாலும் இரண்டுக்கும் இடையே மிக மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்று இருக்கும், ஒரு மைக்ரோனுக்கும் குறைவான தடிப்பில். அது இருந்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் உலர்ந்த இறப்பர் தண்டின் உலர்ந்த குரோம் பூச்சில் உரசி ஒரு போகத்துக்குள் தேய்ந்துவிடும். ஒஸ்போர்ன் ரெய்னோல்ட்ஸ் 1886இல் காட்டியபடி, ஓடும் பரப்பு ஒன்று தன்னோடு எண்ணெயை இழுத்துச்செல்லும். அந்த எண்ணெய் ஆப்புப்போன்ற குறுகிய இடத்துக்குள் நுழையும்போது அழுத்தம் பிறந்து இரண்டு பரப்புகளையும் விலக்கும். அப்படியானால் தண்டு ஒவ்வொரு முறை வெளியே வரும்போதும் எண்ணெயை இழுத்துவந்து கொட்ட வேண்டுமே? கொட்டாததற்குக் காரணம் உதட்டின் சாய்வு. எண்ணெய்ப் பக்கம் செங்குத்தாகவும் காற்றுப் பக்கம் தாழ்வாகவும் இருக்கும்படி விளிம்பைச் செய்திருக்கிறார்கள். மேசன் கரண்டியை நிமிர்த்திப் பிடித்தால் சாந்து வழிக்கப்படும், படுக்கவைத்தால் சாந்து பரவும் அல்லவா. அதுபோலத் தண்டு வெளியே வரும்போது செங்குத்து விளிம்பு எண்ணெயை வழித்துவிடும், உள்ளே போகும்போது தாழ்ந்த விளிம்பு படலத்தை உள்ளே நுழைய விடும். போனது திரும்பி வருகிறது. நல்ல சீல் என்பது கசியாத சீல் அல்ல, கசிந்ததை எடுத்துக்கொள்ளும் சீல்.

இந்தக் கணக்கு குழம்பும் விதம் கொடியது. மெல்லிய இடைவெளி ஒன்றின் வழியே எண்ணெய் போகும் அளவு அந்த இடைவெளியின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. இடைவெளி இரு மடங்கானால் கசிவு எட்டு மடங்கு, மும்மடங்கானால் இருபத்தேழு. தண்டில் நீளவாக்கில் விழுந்த ஒரு கீறல், கண்ணுக்கு மயிரிழையாகக்கூடத் தெரியாமல், சொட்டு எண்ணிக்கையை அப்படி மாற்றிவிடும். இன்னொன்று வெயில். 46 தர ஹைட்ராலிக் எண்ணெயின் பாகுத்தன்மை 40 பாகையில் 46 அலகு. 70 பாகைக்கு ஏறினால் 15 அளவுக்கு விழுந்துவிடும், கசிவு மும்மடங்காகும். "காலையில நல்லாத்தான் தூக்குது, மத்தியானத்துக்குப் பிறகுதான் ஒழுகுது" என்று சாரதி சொன்னால் நம்புங்கள். இயற்பியல் அவர் பக்கம்.

இப்போது மண். தண்டு வெளியே நீண்டு நிற்கும்போது அதன்மேல் படியும் எதுவும் திரும்பும்போது உள்ளே போகப் பார்க்கும். அதை வழித்துத் தள்ளவே கழுத்தின் வெளி விளிம்பில் இன்னொரு வளையம் இருக்கிறது. தூசு சீல் என்பார்கள். அழுத்தம் தாங்காது, எண்ணெய் தடுக்காது. அதனால் யாரும் மதிப்பதில்லை. அது வெடித்துக் கழன்றுபோன மெசின்கள் வருடக்கணக்கில் ஓடுவதைக் காணலாம். உள்ளே போகும் பொருள் என்ன என்று பாருங்கள். உமியில் சிலிக்கா நிறைந்திருக்கிறது. எரித்தால் மிஞ்சும் சாம்பலில் பெரும்பகுதி அதுதான். கட்டுமானத்துக்கு ஏற்றும் ஆற்று மணல் படிகக்கல், தண்டின் குரோம் பூச்சோடு போட்டிபோடும் கடினம். அத்தனை கடினமான ஒரு துகள் மென்மையான சீலில் குத்தி அங்கேயே தங்கிவிட்டால், ஒவ்வொரு தூக்குக்கும் ஒவ்வொரு இறக்கத்துக்கும் தண்டைக் கீறும். கீறல் சீலை வெட்டும். அதோடு நிற்காது. உள்ளே புகுந்த மண் எண்ணெயோடு பயணித்து வால்வுக்குப் போகும். வால்வின் உள்ளே ஓடும் தண்டுக்கும் அதன் துளைக்கும் நடுவே இருப்பது சில மைக்ரோன் மட்டுமே. தலைமுடி ஒன்று எழுபது மைக்ரோன் தடிப்பு. மலிவான ஒரு தூசு சீலை மாற்றாததால் பம்பும் வால்வும் போவது இப்படித்தான்.

வாவிக்கரையின் தனிப் பகை உப்பு. மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளம். மழைக்காலத்தில் ஆற்று வெள்ளம் வந்து நன்னீராகும், பாலமீன்மடு முகத்துவாரமும் கல்லாற்று வாயும் கடலோடு பேசும் காலத்தில் உவர்ப்பேறும். எழுவான்கரையில், கடலுக்கும் வாவிக்கும் நடுவிலான ஒடுங்கிய நிலத்தில், காற்றே உப்பைக் கொண்டுவரும். தண்டின் மேலுள்ள கடினக் குரோம் பூச்சு 20, 30 மைக்ரோன் தடிப்புத்தான்; அது முழுதும் கண்ணுக்குத் தெரியாத நுண்வெடிப்புகள் நிறைந்தது. குரோம் துருப்பிடிக்காது. ஆனால் உப்பிலுள்ள குளோரைட் அந்த வெடிப்புகளின் வழியே அடியிலுள்ள உருக்கைத் தொட்டுவிடும். உருக்குத் துருப்பிடித்துப் பருக்கும்போது மேலுள்ள குரோமைத் தூக்கி எறியும். ஊசிமுனைப் பள்ளம் ஒன்று பிறந்துவிட்டது. கடலோரம் இல்லாத வட்டைகளிலும் இது நடப்பதற்கு வேறொரு காரணம் உண்டு: வயலுக்கு இடும் மியூரியேற் ஒவ் பொட்டாஷ் உரம். அதன் வேதியியற் பெயர் பொட்டாசியம் குளோரைட். கடலுப்பின் ஒன்றுவிட்ட தம்பி. உர மூட்டை ஏற்றிய பெட்டியைக் கழுவாமல் விட்டால் வெல்லாவெளியும் கடற்கரைதான்.

ஒழுகும் ஜாக்கைக் கழற்றும் முன்னர் இரண்டு எச்சரிக்கைகள். இவற்றில் எனக்குச் சமரசம் இல்லை.

தூக்கிய பெட்டிக்கு அடியில் எண்ணெயை நம்பிப் போகக் கூடாது. வேல்ஸ் நாட்டின் மெனாய் நீரிணையில் பிரித்தானியா பாலத்தைக் கட்டியபோது, 1849இல், 1,500 தொன்னுக்கும் மேற்பட்ட இரும்புக் குழாய்களை ரொபேர்ட் ஸ்டீவன்சன் பிராமா முறை அமுக்கிகளால் மேலே தூக்கினார். ஏறும் ஒவ்வோர் அங்குலத்துக்கும் அடியில் முட்டுக் கொடுத்துக்கொண்டே வரவேண்டும் என்பது அவருடைய கட்டளை. வேலைக்குத் தாமதம் என்று முணுமுணுப்பதற்கு இடம் உண்டுதான். ஒரு நாள் அமுக்கி ஒன்றின் அடிப்பகுதி பிளந்துவிட்டது. குழாயின் முனை சில அங்குலம் இறங்கி முட்டில் உட்கார்ந்தது. முட்டு இல்லாதிருந்தால் பாலம் நீரிணைக்குள் கிடந்திருக்கும். டிப்பர் பெட்டிக்கும் சட்டகத்துக்கும் நடுவே ஒரு தடித்த முதிரைக் குற்றியையோ இரும்புத் தாங்கியையோ வைக்க ஒரு நிமிடம் போதும். பெட்டி வெறுமையாக இருக்கும்போதே தூக்க வேண்டும்.

அடுத்தது கை. அழுத்தத்தில் இருக்கும் ஹோஸில் ஊசித்துளை விழுந்தால், பீறும் எண்ணெய் புகைபோலத்தான் தெரியும். எங்கிருந்து வருகிறது என்று விரலால் தடவிப் பார்க்கத் தோன்றும். தோலைத் துளைக்க 7 பார் அளவே போதும். ஹோஸில் இருப்பது அதைப்போல் இருபது மடங்கு. முதலில் முள்ளுக் குத்தியதுபோல் சிறு புள்ளி, வலியும் பெரிதாக இராது. எண்ணெய் உள்ளே தசையுறைகளின் வழியே பரவி, சில மணித்தியாலங்களில் விரல் வீங்கிக் கறுக்கும். அது மருந்து கட்டும் காயமல்ல, சத்திரசிகிச்சைக்குரிய காயம். காலை வரை காத்திராமல் உடனே மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்குப் போய், எண்ணெய் அழுத்தத்தோடு உள்ளே போனது என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். கசிவைத் தேடுவதற்கு ஒரு காட்போட் மட்டைத் துண்டு போதும். பீறும் இடத்தில் மட்டை நனையும்.

கசிவு தேடுவதும் ஒரு கலை. எண்ணெய் மேலே பிறந்து, ஹோஸ் வழியே ஓடி, அடியில் உள்ள மூட்டில் சொட்டும். சொட்டும் மூட்டை மாற்றிவிட்டு, பிறகும் சொட்டுகிறது என்று தலையில் கைவைப்பவர்கள் அதிகம். முழு இடத்தையும் டீசல் கொண்டு கழுவித் துடைத்து உலரவிட்டு, முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவி, வெறும் பெட்டியை ஒருமுறை தூக்கி இறக்கினால் எண்ணெய் வந்த பாதை வெள்ளையில் கோடாகத் தெரியும்.

சில வேளை எதுவுமே வெளியே தெரியாது. ஆனாலும் தூக்கியது நிற்காது. "இஞ்சினை நிப்பாட்டினாத் தானா இறங்குதா, மனே?" என்பது அனுபவமுள்ள மெக்கானிக் கேட்கும் கேள்வி. கிழக்கில் தலைமுறைகளாக ஓடும் மாஸி பெர்கியூசன் மெசின்களில் இது அடிக்கடி நடக்கும். அயர்லாந்துக்காரர் ஹரி பெர்கியூசன் வடிவமைத்த முறையில், கலப்பையைத் தூக்கும் உருளையும் பம்பும் கியர்ப்பெட்டி வீட்டுக்குள்ளேயே இருக்கின்றன. கியருக்கும் ஹைட்ராலிக்குக்கும் ஒரே எண்ணெய். 1946இல் கொவென்றியில் ஓடத்தொடங்கிய டிஈ20இலிருந்து, சென்னையில் 1960இல் பிறந்த டாஃபேயின் மெசின்கள் வரை அடிப்படை அதுவே. உள்ளே ஓர் ஓ-ரிங் தேய்ந்தால் எண்ணெய் தன் வீட்டுக்குள்தான் சொட்டும், ஒரு துளியும் வீணாகாது. வெளியே தெரிவது, இயந்திரம் ஓடும்போது கலப்பையைத் தூக்கிய இரும்புக் கைகள் விக்கல் எடுப்பதுபோல் துள்ளுவது மட்டுமே: கொஞ்சம் இறங்கும், பம்ப் மறுபடி தூக்கும். துள்ளல் எவ்வளவு அடிக்கடியோ அவ்வளவு பெரிய கசிவு.

ஜாக்கைத் திறந்து பழைய சீலை எடுத்ததும் உடனே குப்பையில் போடாதீர்கள். நடந்தது முழுவதும் அதில்தான் எழுதியிருக்கிறது. ஓரிடத்தில் மட்டும் வெட்டுப்பட்டிருந்தால் தண்டில் அதற்கு நேரே கீறல் இருக்கும். நகத்தைக் குறுக்கே ஓட்டினால் தட்டும். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் தண்டு கோணிவிட்டது, அல்லது வரம்பில் ஒரு சில்லு ஏறிநிற்கப் பெட்டியைத் தூக்கும் பழக்கம் சாரதிக்கு இருக்கிறது. அடிப்புற விளிம்பு எலி கொறித்ததுபோல் இருந்தால், அழுத்தம் சீலைப் பின்னாலுள்ள இடைவெளிக்குள் பிதுக்கியிருக்கிறது, தண்டை நடுவில் நிறுத்தும் வழிகாட்டி வளையம் தேய்ந்திருக்கும். விறைத்து, மடித்தால் வெடிக்கிறதா? சூடு. உதட்டில் கருகிய புள்ளிகள் இருந்தால் கதை வேறு: எண்ணெயில் காற்றுக்குமிழிகள் இருந்திருக்கின்றன. 150 பாருக்குத் திடீரென நசுங்கும் குமிழி, வெப்பம் வெளியேற நேரமில்லாதபோது, கணக்குப்படி 900 பாகைக்கு மேல் சூடேறும். உள்ளே உள்ள எண்ணெயாவி டீசல் இயந்திரத்தில் நடப்பதுபோல் பற்றிக்கொள்ளும். எண்ணெய் மட்டம் குறைந்த தொட்டியோடு ஓட்டியதன் தழும்பு அது.

ஊதிப் பெருத்து மென்மையாகிவிட்ட சீல் இன்னொரு கதை. இலங்கைக்கு இறப்பர் வந்தது 1876இல், கம்பஹா ஹெனரத்கொட தோட்டத்துக்கு. உலகுக்கு இறப்பர் விற்கும் நாடு இது. ஆனாலும் நம் மரத்து இறப்பர் இந்த வேலைக்கு உதவாது. இயற்கை இறப்பரும் கனிய எண்ணெயும் ஒரே இனம், இரண்டும் ஐதரோகார்பன்கள். எண்ணெய் மூலக்கூறுகள் இறப்பர்ச் சங்கிலிகளுக்கு இடையே புகுந்து குடியேறிவிடும். சாதாரண இறப்பர் பட்டி ஒன்றை மண்ணெண்ணெயில் ஓர் இரவு ஊறவிட்டுப் பாருங்கள். நைட்ரில் இறப்பரில் சங்கிலி நெடுக அக்ரிலோநைட்ரில் என்ற மின்முனைவுள்ள கூறு கலந்திருப்பதால் எண்ணெய் ஒட்டாது. ஆனால் கடையில் இரண்டும் ஒரே கறுப்பு, ஒரே பளபளப்பு. பைக்குள் பார்த்துச் சொல்ல முடியாது. சில வாகனங்களின் பிரேக் சீல் அளவு சரியாகப் பொருந்துகிறது என்று எடுத்துப் போடுவோர் உண்டு. அவை பிரேக் ஒயிலுக்கென்று செய்யப்பட்ட வேறு இறப்பர், ஹைட்ராலிக் எண்ணெயில் சில நாளில் ஊதும். மறுதலையாக, ஒயில் குறைந்தது என்று பிரேக் ஒயிலை ஊற்றினால் நல்ல நைட்ரில் சீல்களும் கெடும்.

கசிவை நிறுத்தும் என்று போத்தலில் விற்கும் திரவங்களும் இந்த ஊதலை நம்பியவைதான். விறைத்த சீலைச் சிறிது பெருக்கவைக்கும். வெட்டு முடியும்வரை தாக்குப்பிடிக்க உதவலாம். கீறிய தண்டைக் குணமாக்காது. ஹோஸ் மூட்டுகளில் சுற்றும் வெள்ளை டெஃப்லோன் டேப் பற்றி ஒரே வார்த்தை: வேண்டாம். தண்ணீர்க் குழாய்க்கு அது நல்லது. இங்கே அதன் நூல்கள் பிய்ந்து வால்வுக்குள் போய்விடும்.

பொலியூரித்தேன் சீல்கள் தேய்வைச் சிறப்பாகத் தாங்கும், அதனால் இப்போது எங்கும் அவையே. ஆனால் அவற்றில் ஒரு வகையை வெந்நீரும் ஈரமும் மூலக்கூறு மூலக்கூறாக அறுத்துவிடும். சேறடிக்கும்போது நீர் உள்ளே புகுந்து எண்ணெய் பால் நிறமாகிவிட்ட மெசினில் அதைப் போட்டால் நொறுங்கிப்போகும். எண்ணெயை மாற்றாமல் சீலை மட்டும் மாற்றுவது வீண்வேலை.

புதுச் சீலை மாட்டும்போது ஸ்குரூட்றைவரால் நெம்பாமல், வெதுவெதுப்பான எண்ணெயில் சற்று ஊறவிட்டு, மடித்து விரலாலேயே உள்ளே விட வேண்டும். தண்டின் முனையிலுள்ள திருகுப் புரிகள் உதட்டைக் கிழிக்காதபடி ஒரு பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக்கொள்ளலாம். சிறு பள்ளங்களை நயமான எண்ணெய்க் கல்லால், தண்டைச் சுற்றி, வட்டவாக்கில் மட்டும் தேய்க்கலாம். நீளவாக்கில் எமரித் தாள் பிடிப்பது எண்ணெய்க்கு வாய்க்கால் வெட்டிக் கொடுப்பதுதான். பள்ளம் அதிகமானால் மறுபடி குரோம் ஏற்றவேண்டும், அல்லது புதுத் தண்டு. மண்முனையில் 2014இல் பாலம் திறக்கும்வரை அந்தப் பக்கத்துப் படுவான்கரையிலிருந்து ஒரு சீல் வாங்கப் பலர் 'பாதை' எனப்படும் மிதவையில் வாவியைக் கடந்து வரவேண்டியிருந்தது. இருப்பதைக் கொண்டு சமாளிக்கும் பழக்கம் அங்கே வேரோடியிருந்தால் குறை சொல்வதற்கில்லை.

இவ்வளவும் மெசின் பெட்டிக்கு மட்டுமான செய்தி அல்ல. அமெரிக்காவில் வாகனத்தின் பின்னால் இழுத்துச்செல்லும் பயண வீடுகளில், நிறுத்தியதும் ஓர் அறை பக்கவாட்டில் வெளியே தள்ளப்பட்டு வீடு அகலமாகும். அவற்றில் பலவற்றில் தள்ளுவது இதே உருளை, 12 வோல்ற் மோட்டார் ஓட்டும் சிறு பம்ப். பெரும்பாலும் தானியங்கி கியர்ப்பெட்டிக்கான சிவப்பு எண்ணெயை ஊற்றுவதால் கசிவு தரைவிரிப்பில் உடனே தெரிந்துவிடும். சீல் தேய்ந்தால் அங்கே அறை வீதியில் போகும்போதே மெல்ல வெளியே நகரும். இங்கே பெட்டி இறங்கும். பழுது ஒன்று.

கழற்றும்போது வடியும் எண்ணெய்க்கு ஒரு வாளி வையுங்கள். வாய்க்காலில் விட்டால் அது வாவிக்குத்தான் போகும். நீரின் மேல் வெள்ளி மினுக்கமாகத் தெரியும் எண்ணெய்ப் படலம் 0.04 மைக்ரோன் தடிப்பு இருந்தாலே கண்ணுக்குப் படும். அந்தத் தடிப்பில் ஒரு லீற்றர் எண்ணெய் 25,000 சதுர மீற்றருக்குப் பரவும், ஏறத்தாழ ஆறு ஏக்கர். கண்டல் வேர்களுக்குள் இறால் குஞ்சு வளரும் ஓரங்களில் அது ஒதுங்கும்.

பூட்டியபின் முதல் சில தூக்குகள் வெறும் பெட்டியோடு, மெதுவாக. காற்று தொட்டிக்குத் திரும்பட்டும். பிறகு தொட்டியின் மட்டத்தைப் பார்த்து நிரப்ப வேண்டும். வெட்டு முடிந்து சிறுபோகம் வரை நிற்கப்போகும் மெசினில் பெட்டியை இறக்கியே வைக்க வேண்டும், அப்போது தண்டு எண்ணெய்க்குள் இருக்கும். அறுவடை இயந்திரம், பெக்கோ போன்றவற்றில் சில தண்டுகள் வெளியேதான் நிற்கும். அவற்றில் கிறீஸ் பூசலாம். ஆனால் மறுபடி இயக்கும் முன் அதை முழுதும் துடைத்தெடுக்காவிட்டால், புழுதி ஒட்டிய கிறீஸ் தண்டை அரைக்கும் பசையாகிவிடும். துடைத்துவிட்டுப் பத்து முறை தூக்கி இறக்கியபின் தண்டைப் பாருங்கள். விரல் வைத்தால் லேசாக வழுக்கும் பளபளப்பு இருந்தால் சரி, அந்தப் படலம் இருக்க வேண்டியதுதான். தண்டு நிற்கும் இடத்தில் எண்ணெய் ஒரு வளையமாகத் திரண்டு நின்றால், உதடு தான் விட்டதைத் திரும்ப எடுத்துக்கொள்ளத் தவறத் தொடங்கிவிட்டது. சொட்டு விழ இன்னும் சில வாரம் இருக்கிறது, சீல் வாங்க அது போதும்.